நூறு கிலோ சாமானுக்கு நானூறு கிலோ கப்பி

செல்போன் டவர் வேலையில் இருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அவ்வளவு உசரத்துல ஏறுறது பயமா இருக்காதா?" கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதைத்தான் கேட்கிறார், முடிவெட்டும் கடைக்காரரும் இதைத்தான் கேட்கிறார். நான் ஏறுகிறவன் இல்லை, கீழே நின்று வேலையைப் பார்த்துக்கொள்கிறவன் என்றதும் அவர்களுக்குச் சுவாரசியம் பாதியாகக் குறைந்துவிடும். பரவாயில்லை. ஆனால் மேலே தெரிகிற அந்த வெள்ளைப் பெட்டிகள் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தன என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். ஆள் ஏணியைப் பிடித்துத் தானே ஏறிவிடுவான். பெட்டி ஏறாது. அதைக் கயிறு கட்டித் தூக்க வேண்டும். அதன் எடை முழுக்க ஏதோ ஒரு கொக்கியில், ஏதோ ஒரு முடிச்சில், ஏதோ ஓர் இரும்புத் துண்டில் தொங்கியபடிதான் 40 மீட்டரும் போக வேண்டும்.

துறைக்குள்ளேயும் இதே கதைதான். பாதுகாப்பு வகுப்பு என்றால் முக்கால்வாசி நேரம் சேஃப்டி பெல்ட், ஹெல்மெட், இரட்டைக் கொக்கி லேன்யார்டு என்று போய்விடும். எல்லாமே வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. சாமான் தூக்குவதைப் பற்றி மட்டும் "தரமான கயிற்றைப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி வரும். அதோடு டீக்கு விட்டுவிடுவார்கள். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தப் பதிவு.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி நம் நாட்டில் 5ஜி தொடங்கியது. அதற்குப் பிறகு நின்றுகொண்டிருந்த டவர்களிலெல்லாம் புதுப் பெட்டி ஏற்றும் வேலை மளமளவென்று வந்தது. 5ஜிக்கான ஆன்டெனா ரேடியோவும் சேர்ந்த ஒற்றைப் பெட்டி. மாடலைப் பொறுத்து 25 கிலோவிலிருந்து 45 கிலோ வரை இருக்கும். பழைய நீள ஆன்டெனாக்களிலும் பல பேண்டு சேர்ந்தவை 40 கிலோவைத் தாண்டும். மவுண்ட், கிளாம்ப், பைப் எல்லாம் சேர்த்து ஒரே தூக்கில் ஏற்றினால் நூறு கிலோவைத் தொட்டுவிடும். "நூறு கிலோதானே, நாலு பேர் இழுத்தா வந்துடும்" என்பார்கள். வந்துவிடும், உண்மைதான். சிக்கல் கீழே இழுக்கிற நாலு பேரிடம் இல்லை, மேலே மாட்டியிருக்கிற கப்பியில் இருக்கிறது.

கப்பியின் ஒரு பக்கம் நூறு கிலோ தொங்குகிறது. அதைத் தூக்க மறுபக்கம் நூறு கிலோ இழுக்கிறீர்கள். இரண்டையும் தாங்குவது கப்பி மாட்டிய இடம். ஆக அங்கே இருநூறு கிலோ. உராய்வையும் சேர்த்தால் அதற்கும் மேல். பத்தாம் வகுப்பு அறிவியல்தான் இது. ஆனால் சைட்டில் "எவ்வளவு லோடு?" என்று கேட்டால் ஆன்டெனா எடையைத்தான் சொல்வார்கள். கயிறும், இணைக்கிற இரும்பு வளையமான ஷாக்கிளும், கப்பியும் அந்த எண்ணை வைத்துத்தான் கருவிப் பெட்டியிலிருந்து வெளியே வரும்.

கயிற்றை நேராகக் கீழே விட்டு இழுப்பதும் ஆகாது. சாமான் விழுந்தால் இழுப்பவர் தலையில்தான் விழும். அதனால் டவர் அடியில் இன்னொரு கப்பி மாட்டி, கயிற்றைத் திருப்பி, தள்ளி நின்று இழுப்பார்கள். சரியான முறைதான். ஆனால் நேராக இறங்கி வந்து படுக்கைவாட்டில் திரும்புகிற கயிறு அந்த அடிக் கப்பியை இழுவையைப் போல 1.4 மடங்கு விசையோடு சாய்வாக மேல்நோக்கிப் பிடுங்கும். அதை டவர் காலின் அடியில் கட்டினால் கவலை இல்லை. வேலிக் கம்பத்திலும், ஜெனரேட்டர் மேடையில் துருத்திக்கொண்டிருக்கும் போல்ட்டிலும் கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு அடுத்ததுதான் எனக்கு முக்கியம். சாமான் டவரில் இடிக்காமல் இருக்க அதில் ஒரு கைடு கயிறு கட்டி, ஒருவர் தள்ளி நின்று வெளிப்பக்கமாக இழுத்துப் பிடிப்பார். அவர் பிடிக்கிற பிடியும் பாரத்தில் சேரும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. அவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அது கொஞ்சமாகவும் சேரலாம், ஏராளமாகவும் சேரலாம். சாமானைத் தொங்கும் கோட்டிலிருந்து 10 டிகிரி வெளியே இழுத்துப் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். கைடு கயிறு தரையோடு 45 டிகிரி சாய்வில் வந்தால் தூக்கும் கயிற்றில் நூறு கிலோ 123 கிலோவாகும். 60 டிகிரி என்றால் 146. 70 டிகிரி என்றால் 197. கிட்டத்தட்ட இரட்டிப்பு!

70 டிகிரியில் யார் இழுக்கப் போகிறார்கள் என்று கேட்பீர்கள். நம் சைட்டுகளில் எல்லோரும் அப்படித்தான் இழுக்கிறார்கள். 40 மீட்டர் டவர். காம்பவுண்டுக்கு வெளியே பக்கத்து வயல், போக முடியாது. அடியிலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்கிறார். சாமான் உச்சிக்குப் போனதும் அவர் கையிலிருக்கும் கயிற்றின் சாய்வு 69 டிகிரி. 45 டிகிரி வேண்டுமென்றால் 40 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், அதற்கு வயல்காரரிடம் காலையிலேயே பேசி வைக்க வேண்டும். அந்த 10 டிகிரியும் ஒன்றும் பெரிய இழுவை இல்லை. கப்பிக்கு மூன்று மீட்டர் கீழே வந்துவிட்ட சாமானை அரை மீட்டர் வெளியே நகர்த்தினாலே 10 டிகிரி ஆகிவிடும். ஆக, பாதி உயரத்தில் சும்மா ஆடிக்கொண்டு போகிற பாரம், உச்சியில் "இன்னும் கொஞ்சம் வெளிய இழு, பிளாட்ஃபார்ம்ல முட்டுது" என்று கத்தும் அந்த நிமிடத்தில் இரண்டு மடங்காகிறது. கயிற்றில் 197 கிலோ என்றால் மேல் கப்பியில் நானூறைத் தொடும். தூக்கியது நூறு கிலோ சாமான்தான்.

இதற்கு மாற்று உண்டு. கப்பியை டவரோடு ஒட்டிக் கட்டாமல், ஒரு நீட்டுக் கையை முறையாகப் பொருத்தி அதன் நுனியில் மாட்டினால், கயிறு டவரை விட்டு விலகியே தொங்கும். கைடு கயிறு சாமான் சுழலாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த நீட்டுக் கையைப் பொருத்துவதற்கும் கணக்கு வேண்டும். அது இல்லாமல் போனதால் நடந்த ஒரு சம்பவம் பொறியியல் கல்லூரிகளின் நெறிமுறைப் பாடத்தில் இன்றும் நடத்தப்படுகிறது.

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலம், ஹூஸ்டனை ஒட்டிய மிசௌரி சிட்டி. 1982 டிசம்பர் 7. சீனியர் ரோடு டவர் என்ற, நாலா பக்கமும் கம்பி வடங்கள் இழுத்துக் கட்டிய, சுமார் 1,800 அடி உயர ஒளிபரப்புக் கோபுரம். அதன் உச்சிக்கு ஒரு எஃப்.எம். ஆன்டெனா போக வேண்டும். பகுதிகளாக வந்திருந்தது. லாரியிலிருந்து இறக்கவும் நிமிர்த்தித் தூக்கவும் ஆன்டெனாவிலேயே வளையங்கள் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை அந்த வளையங்களில் கயிறு மாட்டி ஏற்றியாகிவிட்டது. அடுத்த பகுதியில் மைக்ரோவேவ் கூடைகள் நீளவாக்கில் துருத்திக்கொண்டிருந்தன. வளையத்தில் வடத்தை மாட்டி நிமிர்த்தினால் வடம் கூடையில் இடிக்கும்.

தூக்கும் வேலை பார்க்கிற ரிக்கர்கள் ஆன்டெனா செய்த நிறுவனத்திடம் கேட்டார்கள். கூடைகளைக் கழற்றிவிட்டுத் தூக்கி, மேலே போனதும் திரும்ப மாட்டிக்கொள்ளலாமா? கூடாது என்று பதில் வந்தது. முன்பு ஒருமுறை அப்படிக் கழற்றி மாட்டியதில் சேதமாகி, செலவு யாருடையது என்று வம்பாகியிருந்தது. சரி, வளையத்தோடு ஒரு நீட்டுச் சட்டத்தை போல்ட் போட்டு இணைத்து, வடத்தைக் கூடைக்கு வெளியே கொண்டுவருகிறோம், அந்தப் படத்தையாவது பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். அதற்கும் மறுத்துவிட்டார்கள். பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்ற பயம். தூக்குவது உங்கள் வேலை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் சாரம்.

ரிக்கர்கள் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். போல்ட் எவ்வளவு எடையைத் தாங்கும் என்று பார்த்தார்கள். சட்டம் வெளியே நீண்டிருப்பதால் வருகிற திருகு விசையைக் கணக்கில் எடுக்கவில்லை. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. உதாரணத்துக்குச் சொல்கிறேன், ஒரு மீட்டர் நீட்டிய சட்டத்தை 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு போல்ட் போட்டு நிறுத்தினால், போல்ட்டில் விழும் இழுவை தொங்கும் எடையைப் போல ஆறு மடங்குக்கு மேல். ஹூஸ்டனில் நடந்ததும் இந்த வகைப் பிசகுதான். மேலே போகும் வழியில் போல்ட்டுகள் அறுந்தன. விழுந்த ஆன்டெனா கோபுரத்தை இழுத்துப் பிடித்திருந்த வடங்களில் ஒன்றை அறுத்தது. அவ்வளவு உயரக் கோபுரமும் சில நொடிகளில் தரைக்கு வந்துவிட்டது. சாமானோடு ஏறிக்கொண்டிருந்த இரண்டு பேர், மேலே கோபுரத்தில் பெல்ட் மாட்டிக் காத்திருந்த மூன்று பேர், ஐந்து பேரும் போய்விட்டார்கள். கீழே மூவருக்குக் காயம். எல்லாம் வீடியோவில் பதிவாகியிருக்கிறது.

இதில் என்னை உறுத்துவது போல்ட் இல்லை. மேலே இருந்த மூவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். பெல்ட் கோபுரத்தில் மாட்டியிருந்தது. கோபுரமே விழுந்தால் பெல்ட் என்ன செய்யும்? கீழே காகிதத்தில் சரிபார்க்க வேண்டிய ஒரு கணக்கை, சரிபார்க்கத் தெரிந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க மறுத்தார்கள்.

நம்மூரில் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். செல்போன் கம்பெனி ஒன்று. டவர் வேறொரு கம்பெனிக்குச் சொந்தம். கருவி தருவது இன்னொரு கம்பெனி. அதைப் பொருத்தும் ஒப்பந்தம் ஒருவருக்கு, அவர் கீழ் ஒரு சப் கான்ட்ராக்டர், அவர் கீழ் ஆள் கூட்டி வருகிற மேஸ்திரி, அவர் கீழ்தான் ரிக்கர். வேலை ஆணையில் ஆன்டெனா மாடல், உயரம், திசை, சாய்வு எல்லாம் டிகிரி சுத்தமாக இருக்கும். எப்படித் தூக்குவது, கப்பியை எங்கே கட்டுவது, எந்தக் கயிறு என்று ஒரு எழுத்து இருக்காது. ஒரு சைட்டில் இதை நான் கேட்டபோது ஆணை தந்த பக்கத்திலிருந்து வந்த பதில், "சார், அது வெண்டார் ஸ்கோப்." வெண்டாரைக் கேட்டால் "மேஸ்திரி பாத்துக்குவாருங்க." மேஸ்திரியைக் கேட்டால் "பசங்க பாத்துக்குவாங்க சார், பழக்கம்தான்." ஹூஸ்டனில் ஒரு படி இறங்கிய பொறுப்பு இங்கே நாலு படி இறங்குகிறது.

பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்தான். அவர்கள் திறமையில் எனக்குத் துளி சந்தேகமும் இல்லை. அனுபவப்பட்ட ரிக்கர் சாமான் தரையிலிருந்து எழும்பும் விதத்தைப் பார்த்தே மையம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பல்லடம் பக்கம் ஒரு சைட்டில் மூத்த ரிக்கர் ஒருவர் செய்ததை மற்ற சைட்டுகளில் இன்னும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆன்டெனாவை ஓர் அடி மட்டும் தூக்கச் சொல்லி நிறுத்தினார். "புடிங்க, அப்படியே புடிங்க." கிட்டே போய்க் குனிந்து, சாமானைக் கட்டியிருந்த ஸ்லிங் கிளாம்ப்பில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தார். ஷாக்கிள் பின்னை விரலால் திருகிப் பார்த்தார், அரைச் சுற்று லூசாக இருந்தது, முறுக்கினார். உள்ளங்கையால் ஆன்டெனாவைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி ஆடவிட்டார். பிறகு நாலடி பின்னால் வந்து கயிறு அடிக் கப்பியில் வரிசையாக ஓடுகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கயிற்றுப் பக்கம் நின்ற இளைஞன், "அண்ணே, வெயில் ஏறுது, இழுக்கட்டா?" என்றான். "தம்பி, மேல போனப்புறம் இதையெல்லாம் பாக்க முடியாது. இரு" என்றார். எல்லாம் இரண்டு நிமிடம்கூட இல்லை.

ஆனால் அவருடைய கண்ணுக்கு டவரின் இரும்பு ஆங்கிள் எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. அது வரைபடம் வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். நாலு கால் டவரில் பாரம் தாங்குகிற இடம் காலும், காலில் பிரேசிங் எனும் குறுக்குச் சட்டம் வந்து சேர்கிற மூட்டும். இரண்டு மூட்டுக்கு நடுவில் இருக்கிற பிரேசிங் ஆங்கிள் மெலிசு. அது நீளவாக்கில் இழுவையையும் அழுத்தத்தையும் தாங்கச் செய்யப்பட்டது, நடுவில் எதையாவது தொங்கவிட இல்லை. கேபிள் ஏணி, பிளாட்ஃபார்ம் கைப்பிடி, ஆன்டெனா பைப், இவற்றிலெல்லாம் கப்பி மாட்டுவது எட்டுகிற தூரத்தில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத்தான். 2017 செப்டம்பரில் அமெரிக்காவின் மயாமி கார்டன்ஸ் என்ற ஊரில் தொலைக்காட்சிக் கோபுரமொன்றில் தூக்கும் ஏற்பாடு சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். விசாரித்த அரசு அமைப்பான ஓஷா சொன்ன குற்றம், தூக்கும் கருவிகளை இணைத்த இடங்கள் அந்த விசையைத் தாங்குமா என்று உறுதி செய்யவில்லை என்பதுதான். பழைய பாடம்தான், ஊர்தான் வேறு.

அந்த ஓஷா கணக்குப்படி 2013-இல் மட்டும் அமெரிக்காவில் தகவல் தொடர்புக் கோபுர வேலையில் 13 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தூக்கும் வேலைக்கென்றே தனித் தரநிலைகள் ஒழுங்கு செய்யப்பட்டன. வேலையை நாலு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். சிறிய சாமான் என்றால் தகுதியுள்ள ரிக்கரே திட்டம் போடலாம். பாரமும் சிக்கலும் கூடக் கூட திட்டம் எழுத்தில் வர வேண்டும். நாலாவது வகுப்பில் பொறியாளர் கையெழுத்து இல்லாமல் கயிற்றைத் தொடக்கூடாது. நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2025 வரை நடப்பில் இருந்த 1996-இன் கட்டடத் தொழிலாளர் சட்டமும் அதன்கீழ் வந்த 1998-இன் மத்திய விதிகளும், தூக்கும் கருவிகளைத் தகுதியுள்ளவர் சோதித்துச் சான்று தர வேண்டும், தாங்கும் எடையை அதன்மேலேயே குறிக்க வேண்டும் என்றெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கின்றன. அடுத்த முறை டவர் வேலை நடக்கிற இடத்தில் கப்பியை எடுத்துப் பாருங்கள். எண் எதுவும் தெரிகிறதா? பெரும்பாலும் துருதான் தெரியும்.

கயிற்றுக்கு வருவோம். ஹார்டுவேர் கடையில் எடை போட்டு வாங்குகிற பிளாஸ்டிக் கயிறுதான் பெரும்பாலும் ஓடுகிறது. புதிதாக இருக்கும்போது நன்றாகத் தாங்கும். வெயில் அதற்கு எமன். நிறம் வெளுத்து, கையில் எடுத்தால் தூள் தூளாக உதிர ஆரம்பித்துவிட்டால் அது துணி காயப்போடத்தான் லாயக்கு. இன்னொன்று யாரும் யோசிக்காதது. வேலை முடிந்ததும் கயிற்றைச் சுருட்டி ஷெல்டருக்குள் பேட்டரி பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். பேட்டரி அமிலம் நைலான் கயிற்றை அரித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கயிற்றுக்கென்று ஒரு கோணிப்பை, அது வண்டியில் தனி இடத்தில். செலவே இல்லாத காரியம்.

முடிச்சுப் போட்டால் கயிற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். நல்ல முடிச்சுக்கே இதுதான் கதி. ஆங்கிளின் விளிம்பில் கயிறோ ஸ்லிங்கோ உரசினால் கத்தி வைத்த மாதிரி. கிழிந்த ஹோஸ் துண்டோ மடித்த சாக்கோ வைத்தால் போதும். கம்பி வடம் என்றால், ஒரு முறுக்கு நீளத்துக்குள் அங்கங்கே ஆறு இழைகளோ, ஒரே புரியில் மூன்று இழைகளோ அறுந்திருந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். வடத்தின் நுனியை மடித்துக் கிளிப் போடும்போது யூ போல்ட் வளைவு வால் பக்கம் இருக்க வேண்டும், சேடில் பாரம் தாங்கும் பக்கம். மாற்றிப் போட்டால் யூ போல்ட்டே பாரம் தாங்கும் வடத்தை நசுக்கிவிடும். ஷாக்கிள் பின் தொலைந்துவிட்டது என்று டவர் போல்ட்டைச் செருகுவதும் நடக்கிறது. அதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள், அதில் பேச ஒன்றும் இல்லை.

இரண்டு கால் ஸ்லிங்கில் சாமானைத் தொங்கவிடும்போது கால்களை அகலமாக விரிக்காதீர்கள். தரையோடு 60 டிகிரி இருந்தால் நூறு கிலோவுக்கு ஒரு காலில் 58 கிலோ. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழு நூறு கிலோ.

ஆள் கிடைக்கவில்லை என்று கயிற்றை வண்டியில் கட்டி இழுக்கிற வழக்கம் ஒன்று இருக்கிறது. டிராக்டர், ஜீப், எது கிடைத்தாலும். சீக்கிரம் முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆன்டெனா மேலே ஒரு பிரேசிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் கையால் இழுப்பவனுக்கு உடனே தெரியும், கயிறு கல் மாதிரி நின்றுவிடும், "டேய் நிறுத்து" என்று அவனே கத்துவான். டிராக்டருக்கு அது தெரியாது. ஓட்டுகிறவர் முன்னால் பார்த்து ஓட்டுகிறார், சத்தத்தில் எதுவும் கேட்காது. கயிறு அறுகிற வரைக்கும், இல்லை மவுண்ட் வளைகிற வரைக்கும் வண்டி போய்க்கொண்டே இருக்கும். தேவைக்கு ஏற்ற சிறிய வின்ச் வாடகைக்கு எடுத்தால் நிறுத்தவும் பிடிக்கவும் ஒரு பிரேக்காவது இருக்கும். இந்த விஷயத்தில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. வண்டியில் கட்டி இழுக்கக் கூடாது.

ஏற்றுவதைவிட இறக்குவது மோசம். புதுச் சாமானுக்கு டப்பாவில் எடை அச்சிட்டிருக்கும். இருபது வருஷமாக மேலே இருக்கிற பழைய டிஷ்ஷுக்கு எடை யாருக்கும் தெரியாது. மேல் உறைக்குள் மழைத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும், அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்த அந்த நொடியில் மொத்த எடையும் வெடுக்கென்று கயிற்றுக்கு வரும். அந்த வெடுக்குக்குச் சாதாரண எடையைப் போல சில மடங்கு விசை. எனவே அறுப்பதற்கு முன்பே கயிற்றை இழுத்து டைட்டாகப் பிடித்திருக்க வேண்டும், பழைய மவுண்டில் பாரமே இல்லை என்கிற அளவுக்கு. டிஷ்ஷுக்குப் பின்னால் குளவிக்கூடு இருந்தால் இதெல்லாம் கணக்கிலேயே வராது, வேலை அன்றைக்கு அவ்வளவுதான். சிரிப்புக்குச் சொல்லவில்லை. 35 மீட்டர் உயரத்தில் கையில் கயிற்றோடு இருக்கும்போது குளவி கொட்டினால் ஆள் அனிச்சையாகக் கையை உதறுவான்.

காற்றைப் பற்றி ஆடி மாதத்தில் பல்லடத்திலோ ஆரல்வாய்மொழியிலோ வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலை வைத்திருக்கிற ஊரில் ஆன்டெனா தூக்குகிறோம்! இரண்டு மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் உள்ள ஆன்டெனாவை மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று சுமார் எட்டு கிலோ விசையோடு தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு, சுமார் 32 கிலோ. கைடு கயிறு பிடித்தவர் அதற்கு ஈடாக இழுப்பார், அந்த இழுவை எங்கே போய்ச் சேரும் என்று மேலே பார்த்தோம். விடியற்காலையில் தொடங்கி, காற்று எழும்புமுன் தூக்கும் வேலையை முடித்துவிடுவதுதான் வழி. பக்கத்தில் 11 கேவி லைன் போகிற சைட்டாக இருந்தால் சாமானோ கயிறோ ஆடி எவ்வளவு தூரம் போகும் என்பதைக் காற்றோடு சேர்த்து யோசிக்க வேண்டும். நனைந்த கயிற்றில் மின்சாரம் பாயும்.

கட்டளை கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும். மேலே ஒருவர் "ஏத்து", கீழே ஒருவர் "இறக்கு", ஓரமாகப் போன் பேசிக்கொண்டிருக்கும் ஒருவர் "டைட் பண்ணு" என்றால் கயிற்றுக்காரன் யார் பேச்சைக் கேட்பான்? வாக்கி டாக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றால் முன்பே பேசி வைத்த கைச்சாடை. ஆனால் "நிறுத்து" மட்டும் யார் சொன்னாலும் நிற்க வேண்டும், டீ வாங்கி வருகிற பையன் சொன்னாலும்.

ஊர்க்காரர்களுக்கும் ஒன்று. உங்கள் மொட்டை மாடியிலோ தெருவிலோ டவர் வேலை நடந்தால் அடியில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். 40 மீட்டரிலிருந்து நழுவுகிற ஸ்பானர் மூன்று நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். வரும்போது அதன் வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டர். பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளுங்கள், வண்டியை எடுத்து வேறு பக்கம் விடுங்கள். கயிறு கட்டி வழியை மறித்தால் ரிக்கர்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். மறிக்கவில்லை என்றால் சண்டைக்குப் போங்கள்.

மற்றபடி இதைப் படிக்கிறவர்களில் வேலை ஆணை எழுதுகிற இடத்தில் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆன்டெனா மாடலுக்கும் திசைக்கும் கீழே "தூக்கும் ஏற்பாடு" என்று ஒரு வரி சேருங்கள். சாமானின் மொத்த எடை, கப்பி கட்டும் மூட்டு, கயிறு, கைடு கயிறு பிடிப்பவர் நிற்கும் தூரம், இதைச் சரிபார்த்தவர் கையெழுத்து, இவ்வளவும் அதில் வரட்டும். அந்த வரிக்கென்று தனியாக ஒரு தொகையும் போடுங்கள். தொகை இல்லாத வரியைச் சைட்டில் யாரும் படிப்பதில்லை.